கிட்டார் கேள்வி–பதில்: மெட்டல் ரிதத்துக்கு ஆக்டிவ் பிக்கப்பா, பாசிவ் பிக்கப்பா?

சென்ற இதழில் டிஸ்டார்ஷன் (ஒலியைக் கரகரப்பாக்கும்) பெடல்களைப் பற்றி எழுதியபோது போகிற போக்கில் பிக்கப், அதாவது தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகம், குறித்து ஒரு வரி சேர்த்திருந்தேன். வந்திருக்கும் கடிதங்கள் அநேகமாக எல்லாமே அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டிருப்பதால், இம்முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: ஒரு மெட்டல் குழுவில் இரண்டு ஆண்டுகளாக ரிதம் கிட்டார் வாசிக்கிறேன். என் கிட்டாரில் வாங்கும்போதே இருந்த பாசிவ் ஹம்பக்கர்கள்தாம் (இரட்டைச் சுருள் பிக்கப்புகள்) இன்றும் இருக்கின்றன. எப்போதும் டிராப் சி டியூனிங் (ஆறாவது தந்தியைச் சி சுரம் வரை இறக்குவது). எல்லாப் பாடல்களுக்கும் ஒரே ஹை கெயின் (ஆம்ப்ளிஃபயரில் டிஸ்டார்ஷனை மிக ஏற்றிய) ஒலிதான். வேகமான பாம் மியூட் ரிஃப்களில் (உள்ளங்கையால் தந்தியை அடக்கி வாசிக்கும் குறுந்தொடர்களில்) ஆறாவது தந்தியின் ஒலி கொழகொழத்துப் போகிறது. இன்னொரு கிட்டாரும் சேர்ந்துவிட்டால் என் வாசிப்பு எனக்கே கேட்பதில்லை. ஆக்டிவ் பிக்கப் போட்டால்தான் மெட்டல் ஒலி வரும் என்று குழுவினர் சொல்கிறார்கள். மாற்றிவிடலாமா?

பதில்: மாற்றலாம். ஆனால் உங்கள் குழுவினர் சொல்லும் காரணம் சரியில்லை, அதோடு மாற்றுவதற்கு முன் நீங்கள் செய்து பார்க்க வேண்டிய வேலைகளும் சில உள்ளன.

இரண்டு வகைப் பிக்கப்புகளும் தொடங்கும் இடம் ஒன்றே. காந்தத்தின் மேல் எஃகுத் தந்தி அதிர்கிறது, காந்தப்புலம் அசைகிறது, காந்தத்தைச் சுற்றியுள்ள செப்புக் கம்பிச் சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. பாசிவ் பிக்கப்பில் இந்த மின்னழுத்தம் அப்படியே வால்யூம், டோன் குமிழ்களைக் கடந்து கேபிள் வழியாக ஆம்புக்குப் போய்விடுகிறது. வழியில் அதைப் பெருக்குவார் யாருமில்லை என்பதால், போதுமான வலிமை கிடைக்க ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்ற வேண்டியிருக்கிறது. சுற்றுகள் கூடக்கூடச் சுருளின் மின்தூண்டல் கூடுகிறது. அந்த மின்தூண்டலும் கேபிளின் மின்தேக்குத்திறனும் சேர்ந்து ஓர் ஒத்ததிர்வை உண்டாக்குகின்றன. அந்த அதிர்வெண்ணுக்கு மேலுள்ள உச்ச ஒலிகள் சரசரவென்று சரிந்துவிடுகின்றன. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 8 ஹென்றி மின்தூண்டல் உள்ள வலுவான ஹம்பக்கர் ஒன்றை, மீட்டருக்கு 100 பிக்கோஃபாரடு உள்ள 3 மீட்டர் கேபிளில் இணைத்து, சுருளுக்கே உரிய மின்தேக்குத்திறனாக இன்னொரு 100 பிக்கோஃபாரடையும் சேர்த்துக்கொண்டால், ஒத்ததிர்வு சுமார் 2800 ஹெர்ட்ஸில் அமையும். அதே பிக்கப்பை 6 மீட்டர் கேபிளில் இணைத்தால் அது சுமார் 2100 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். கேபிளை மாற்றினால் கிட்டாரின் குரலே மாறுகிறது என்று சிலர் சொல்வது கற்பனை அல்ல.

ஆக்டிவ் பிக்கப்பில் சுற்றுகள் குறைவு. எனவே பிறக்கும் மின்னழுத்தமும் சிறியது. அதைப் பெருக்கிக் கொடுக்கும் சிறு ப்ரீஆம்ப் ஒன்று பிக்கப்பின் உறைக்குள்ளேயே அடைக்கப்பட்டு, 9 வோல்ட் பேட்டரியில் இயங்குகிறது. அதன் வெளியீட்டு மின்மறுப்பு (இம்பீடன்ஸ்) மிகக் குறைவு. இஎம்ஜி நிறுவனத்தின் 81 பிக்கப்புக்கு அது 10 கிலோ ஓம். அதனால் கேபிள் நீண்டாலும் ஒலியில் தெரியும்படியான இழப்பு ஏற்படுவதில்லை. சுருக்கமாகச் சொன்னால், பாசிவ் பிக்கப்பின் குரலை அதன் சுருள், குமிழ், கேபிள், ஆம்ப் எல்லாம் கூடிப் பேசித் தீர்மானிக்கின்றன. ஆக்டிவ் பிக்கப்பின் குரலை அதை வடிவமைத்தவர் உறைக்குள்ளேயே தீர்மானித்து முடித்துவிடுகிறார். தேர்வு செய்யும்போது மனத்தில் வைக்க வேண்டிய வேறுபாடு இது. வலிமை, கனம், ஆவேசம் என்று விளம்பரங்கள் சொல்வதெல்லாம் இதற்குப் பின்னால்தான் வரும்.

ஆக்டிவ் இல்லாமல் மெட்டல் இல்லை என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்பது ஊகிக்கக் கூடியதே. ராப் டர்னர் கலிஃபோர்னியாவில் 1976இல் தொடங்கிய நிறுவனம்தான் பின்னாளில் இஎம்ஜி ஆனது. அதன் 81 பிக்கப்பை மெட்டாலிக்காவின் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டும் ஸ்லேயரின் கெர்ரி கிங்கும் ஆஸி ஆஸ்போர்னிடம் வாசித்த ஸாக் வைல்டும் கையில் எடுத்துக்கொண்ட பிறகு, அந்த இறுக்கமான, வெட்டி எடுத்தது போன்ற ரிதம் ஒலியே மெட்டலின் இலக்கணம் என்று ஒரு தலைமுறையின் செவியில் பதிந்துவிட்டது. ஆனால் டோனி அயோமி 1970இல் வெளியான பிளாக் சபாத்தின் முதல் ஆல்பத்தை வாசித்தது பாசிவ் பிக்கப்பில், அதுவும் ஒற்றைச் சுருள் வகையில். பான்டெராவின் டைம்பேக் டேரல் பிரிட்ஜில் (தந்திகள் கிட்டாரின் உடலில் முடியும் பக்கம்) வைத்திருந்தது பில் லாரன்ஸ் எல்500எக்ஸ்எல், அதுவும் பாசிவ்தான். எட்டுத் தந்தியில் பாதாளம் வரை இறங்கும் மெஷுகா குழுவுக்கு லுண்ட்கிரன் நிறுவனம் உருவாக்கிய எம்8 பிக்கப்பிலும் பேட்டரி கிடையாது. இந்த மூவரில் எவருடைய ஒலியையும் மெட்டல் இல்லை என்று சொல்ல உங்கள் குழுவினருக்குத் துணிவு இருக்காது என்று நம்புகிறேன்.

இனி உங்கள் கொழகொழப்புக்கு வருவோம். சாதாரண டியூனிங்கில் ஆறாவது தந்தி 82.4 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. டிராப் சியில் அது 65.4 ஹெர்ட்ஸ். இவ்வளவு தாழ்ந்த ஒலி நிறைந்த அளவில் டிஸ்டார்ஷனுக்குள் நுழைந்தால், அந்தப் பெரிய மெதுவான அலையின் மேல் ஏறி வரும் நுண்ணிய ஒலிகளையெல்லாம் அது நசுக்கிவிடுகிறது. பிக் தந்தியில் படும் அந்தக் கணத்து ஒலி புதைந்துபோகிறது. கையால் தந்தியை அடக்கிய பிறகும் அடியொலி வழிந்துகொண்டே இருக்கிறது. ஆகவே இறுக்கமான ரிதத்துக்கு வழி, டிஸ்டார்ஷனுக்கு முன்பு அடியொலியைக் குறைத்து, வேண்டிய கனத்தை டிஸ்டார்ஷனுக்குப் பின்பு சேர்த்துக்கொள்வதுதான். இஎம்ஜி 81 ரிதத்துக்குப் பேர் பெற்றதற்கு முக்கியமான காரணமாக நான் கருதுவது இதைத்தான்: அதன் அடியொலி மெலிந்தது, மேல் நடுவொலி முன்னே துருத்திக்கொண்டு நிற்பது. ஆம்புக்கு முன் செய்ய வேண்டிய வெட்டு வேலையில் ஒரு பகுதியை அது பிக்கப்பிலேயே முடித்துக் கொடுத்துவிடுகிறது.

அந்த வேலையைச் செய்ய வேறு வழியும் உண்டு. டியூப் ஸ்க்ரீமர் வகை ஓவர்டிரைவ் பெடல் ஒன்றின் டிரைவ் குமிழை ஏறக்குறைய முழுவதும் குறைத்து, லெவல் குமிழை ஏற்றி, ஆம்புக்கு முன்னால் வைத்துப் பாருங்கள். அது சுமார் 700 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைச் சீவிவிட்டு நடுவொலியைத் தள்ளிக் கொடுக்கும். அதற்கும் முன்னால் தந்தியைப் பாருங்கள். 0.046 அங்குலத் தந்தியை டிராப் சிக்கு இறக்கியிருந்தால் அது துணி காயப்போடும் கொடி போலத் தொய்ந்துதான் கிடக்கும், 0.052 முதல் 0.056 அங்குலம் வரை தடித்த தந்தி போட்டாலே பாதி நோய் தீரும். பிக்கப்பின் கனத்த தந்திப் பக்கத்தை ஒன்றிரண்டு சுற்று இறக்குங்கள். கடைசியாக, கெயினைக் குறையுங்கள். தனியே வாசிக்கும்போது போதாது என்று தோன்றும் கெயின்தான் குழுவோடு சேரும்போது சரியாக இருக்கும் என்பதை ஏற்றுக்கொள்ள எனக்கே பல ஆண்டுகள் ஆயின.

இவ்வளவுக்குப் பிறகும் ஒலி தெளியவில்லையென்றால் பிக்கப்பை மாற்றுங்கள். உங்கள் விஷயத்தில் ஆக்டிவையே பரிந்துரைப்பேன். உங்கள் கடிதத்தில் சுத்தமான (டிஸ்டார்ஷன் இல்லாத) ஒலியைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை; ஒரே டியூனிங், ஒரே ஒலி, அருகில் இன்னொரு கிட்டார். எந்த மேடையிலும் எந்தக் கேபிளிலும் ஒரே மாதிரி வந்து நிற்கும் குரல் உங்களுக்குப் பயன்படும். பாடலுக்கு நடுவே கெயினைக் கையால் ஏற்றி இறக்குபவராக நீங்கள் இருந்திருந்தால் பதிலும் மாறியிருக்கும்.

கேள்வி: பாசிவ் பிக்கப்புகளை 8 கிலோ ஓம், 13 கிலோ ஓம், 16 கிலோ ஓம் என்று குறிப்பிடுகிறார்கள். எண் பெரிதாக இருந்தால் மெட்டலுக்கு நல்லது என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த எண் சுருளில் உள்ள கம்பியின் மின்தடை மட்டுமே. சுற்றுகளைக் கூட்டாமல் கம்பியை மட்டும் மெல்லியதாக்கினாலும் அது ஏறும். சீமோர் டங்கன் நிறுவனத்தின் ஜேபி பிரிட்ஜ் பிக்கப்புக்கு 16.4 கிலோ ஓம். அதே நிறுவனத்தின் டிஸ்டார்ஷன் பிக்கப்புக்கு 16.6 கிலோ ஓம். எண்ணைப் பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். ஆனால் முதலாவதில் இருப்பது அல்நிகோ 5 காந்தம், இரண்டாவதில் இருப்பது செராமிக் காந்தம். அதனால் இரண்டாவதன் தாக்கு கூர்மையாகவும் அடியொலி இறுக்கமாகவும் இருக்கும், முதலாவது நடுவொலியில் பாடும். டிமார்ஸியோ நிறுவனம் 1972இல் கொண்டுவந்த சூப்பர் டிஸ்டார்ஷன், இவ்விரண்டையும்விடச் சிறிய எண்ணோடு, ஆம்பைத் திணறடிக்க வேண்டும் என்ற நோக்கத்துக்காகவே செய்யப்பட்டது, அதுவும் செராமிக்தான்.

பொதுவாகச் சொல்ல முடிவது இவ்வளவே: சுற்றுகள் கூடினால் வெளிப்பாடு ஏறும், ஒத்ததிர்வு இறங்கும், நடுவொலி தடிக்கும், உச்சம் மங்கும். இன்றைய ஹை கெயின் ஆம்புகளில் ஒன்றன்பின் ஒன்றாகப் பல கெயின் நிலைகள் இருப்பதால், பிக்கப்பின் வலிமையை நம்பி டிஸ்டார்ஷன் வாங்க வேண்டிய காலம் போய்விட்டது. ரிதத்துக்கு மட்டும் வாங்குவதாக இருந்தால், செராமிக் காந்தம் கொண்ட, நடுத்தர வெளிப்பாடுள்ள ஒன்றை எடுத்து, மீதியை ஆம்பிடம் விட்டுவிடுவேன்.

கேள்வி: ஆக்டிவ் பிக்கப்பில் "உயிர் இல்லை", மெதுவாக வாசித்தாலும் ஓங்கி அடித்தாலும் ஒன்றுபோலவே கேட்கிறது என்கிறார்களே, உண்மையா?

பதில்: கொஞ்சம் உண்மை, அதிலும் ஒரு பகுதி வால்யூம் குமிழைப் பற்றிய உண்மை. பாசிவ் பிக்கப்பில் வால்யூமைப் பாதியாகக் குறைத்தால் ஒலி தணிவதோடு உச்சமும் சற்று மங்கி, ஆம்பின் டிஸ்டார்ஷன் விலகி, வேறொரு குரல் கிடைக்கிறது. பழைய ராக் வாசிப்பாளர்கள் இந்தக் குமிழ் ஒன்றை வைத்துக்கொண்டே முழுக் கச்சேரியையும் நடத்தியிருக்கிறார்கள். ஆக்டிவில் குமிழைத் திருப்பினால் ஒலியின் அளவு மட்டும் குறையும். நிறம் ஏறக்குறைய அப்படியே நிற்கும். பழகிய கைக்கு இது மொட்டையாகத் தோன்றுவது இயல்பு.

இன்னொரு பகுதி ப்ரீஆம்பைச் சேர்ந்தது. 9 வோல்ட்டில் இயங்கும் மின்சுற்றுக்கு ஒரு மேல் எல்லை உண்டு. பிக்கப்பைத் தந்திக்கு மிக அருகில் ஏற்றி வைத்து ஓங்கி அடித்தால் முகடுகள் அந்த எல்லையில் முட்டித் தட்டையாகின்றன. இரண்டு பேட்டரிகளைத் தொடராக இணைத்து 18 வோல்ட்டில் ஓட்டுபவர்கள் இந்த எல்லையை உயர்த்தவே அப்படிச் செய்கிறார்கள். ஆனால் உங்கள் பிக்கப் 18 வோல்ட்டைத் தாங்கும் என்று தயாரிப்பாளரின் குறிப்பில் இருந்தால் மட்டும் செய்யுங்கள்.

இதையெல்லாம் சொன்ன பிறகும், மெட்டல் ரிதத்துக்கு இது குறையென்று நான் கருதவில்லை. ஒரே ரிஃபை இரண்டு முறை வாசித்து இடது வலது காதுகளில் பிரித்து வைக்கும் பதிவுகளில், நூறு அடிகளும் நூறு மாதிரி இல்லாமல் ஒரே மாதிரி விழுவதுதான் சுவர் போன்ற கனத்த ஒலியை எழுப்புகிறது. தனிவாசிப்பில் "உயிர் இல்லை" என்று குற்றமாகச் சொல்லப்படுவதே இங்கே "ஒழுங்கு" என்று பாராட்டப்படும். இரண்டும் வேண்டும் என்பவர்கள் 2014இல் வந்த ஃபிஷ்மன் ஃப்ளூயன்ஸ் வகையைக் கேட்டுப் பார்க்கலாம். அதில் கம்பி சுற்றுவதற்குப் பதிலாகச் சுருள்கள் தட்டுகளில் அச்சிடப்பட்டு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. சுருளிலிருந்து தனியாகவே ப்ரீஆம்பில் குரலை வடிவமைக்க முடிவதால், ஒரே பிக்கப்பில் இரண்டு குரல்களை வைத்து, குமிழை இழுத்து மாற்றிக்கொள்ள வழி செய்திருக்கிறார்கள்.

கேள்வி: மேடையில் பேட்டரி தீர்ந்துவிட்டால்?

பதில்: ஒலி நின்றுவிடும். ஆனால் சொல்லாமல் கொள்ளாமல் நிற்காது. முதலில் மெலிந்து, அடியொலி போய், அழுத்தி வாசிக்கும் இடங்களில் கிழிந்த தாளைப் போலக் கரகரக்கும். அந்த அறிகுறி தெரிந்தவுடன் மாற்றிவிட்டால் தொல்லை இல்லை. இஎம்ஜி 81 ஒன்று எடுத்துக்கொள்ளும் மின்னோட்டம் 80 மைக்ரோஆம்பியர்தான். ஓர் அல்கலைன் பேட்டரிக்குச் சுமார் 3000 மணி நேரம் ஆயுள் என்பது தயாரிப்பாளரின் கணக்கு. இரண்டு பிக்கப்புகள் ஒரே பேட்டரியைப் பகிர்ந்தால் அது பாதியாகும். அப்போதும் நாளைக்கு மூன்று மணி நேரம் வாசித்தால் ஓராண்டைத் தாண்டும். ஃப்ளூயன்ஸ் வகை இதைவிடப் பல மடங்கு மின்னோட்டம் எடுப்பதால், மறுபடி சார்ஜ் செய்யக்கூடிய பேட்டரித் தொகுப்பை அதற்கென்றே விற்கிறார்கள்.

கவனிக்க வேண்டியது ஜாக்கைத்தான். இவ்வகைக் கிட்டார்களில் ஸ்டீரியோ ஜாக் இருக்கும். பேட்டரியின் எதிர்மின் முனை அதன் நடு வளையத்தில் இணைந்திருக்கும். நாம் செருகும் மோனோ பிளக் அந்த வளையத்தைத் தரையோடு இணைத்து மின்சுற்றை மூடுகிறது. அதாவது, கேபிள் செருகியிருக்கும் ஒவ்வொரு நிமிடமும் பேட்டரி வேலை செய்துகொண்டே இருக்கிறது, ஆம்ப் அணைந்திருந்தாலும் சரி. நான் ஒரு முறை விடுமுறைக் காலம் முழுவதும் கேபிளைக் கழற்றாமல் கிட்டாரைச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்துவிட்டு, அடுத்த நிகழ்ச்சியின் முதல் பாடலிலேயே மேலே சொன்ன கிழிந்த தாளின் ஒலியைக் கேட்டேன். மாற்றுப் பேட்டரி பையில் இருந்தது. ஆனால் பேட்டரி அறையின் மூடி திருகாணிகளால் பூட்டப்பட்டிருந்தது, திருப்புளி வீட்டில் இருந்தது. கிட்டாரைப் பல மாதங்கள் பெட்டிக்குள் வைக்கப்போகிறீர்கள் என்றால் பேட்டரியையே எடுத்துவிடுங்கள். கசிந்தால் பிக்கப்பின் கம்பிகளையும் அரித்துவிடும்.

கேள்வி: பிரிட்ஜில் ஆக்டிவ் வைத்துக்கொண்டு, சுத்தமான ஒலிக்காக நெக்கில் (கிட்டாரின் கழுத்துப் பக்கம்) என் பழைய பாசிவ் பிக்கப்பையே விட்டுவைக்கலாம் என்று நினைக்கிறேன். முடியுமா?

பதில்: முடியும், ஆனால் நேரடியாகப் பற்றவைத்தால் இரண்டில் ஒன்று கெடும். பாசிவ் ஹம்பக்கருக்கு வழக்கமாக 500 கிலோ ஓம் குமிழ்களும் ஆக்டிவுக்கு 25 கிலோ ஓம் குமிழ்களும் போடுகிறார்கள். பாசிவ் பிக்கப்பை 25 கிலோ ஓம் குமிழில் இணைத்தால் உச்ச ஒலியெல்லாம் தரைக்கு ஓடிவிடும். போர்வைக்குள்ளிருந்து பேசுவது போலிருக்கும். ஆக்டிவை 500 கிலோ ஓம் குமிழில் இணைத்தால் ஒலி கெடாது, ஆனால் குமிழ் படிப்படியாக வேலை செய்யாமல் ஏதோ சுவிட்ச் போல நடந்துகொள்ளும். ஒவ்வொரு பிக்கப்புக்கும் தனி வால்யூம் குமிழ் உள்ள கிட்டாராக இருந்தால், அவற்றுக்கேற்ற குமிழ்களைத் தனித்தனியே போட்டு, இரண்டையும் ஒரே நேரத்தில் ஒலிக்கவிடாமல் பயன்படுத்தலாம். ஒரே வால்யூம் குமிழ் என்றால், பாசிவ் பிக்கப்புக்குப் பின்னால் சிறிய பஃபர் (மின்மறுப்பைத் தணிக்கும் மின்சுற்று) ஒன்றைப் பொருத்தி, அதன் மின்மறுப்பைக் குறைத்து, இரண்டையும் 25 கிலோ ஓமுக்குக் கொண்டுவருவதே முறை. இவ்வளவு மெனக்கெடுவதைவிட, நெக்கில் இஎம்ஜி 60 போன்ற, சுத்தமான ஒலிக்கு நன்றாக வரும் ஆக்டிவ் ஒன்றையே வைத்துக்கொள்ளுங்கள் என்பது என் கருத்து.

கேள்வி: இரைச்சல் போகும் என்று நம்பி ஆக்டிவ் மாற்றினேன். பாதி இரைச்சல் அப்படியே இருக்கிறது. ஏமாற்றப்பட்டேனா?

பதில்: பிக்கப் நிறுத்தக்கூடிய இரைச்சல் வேறு, நிறுத்த முடியாதது வேறு. மின்கம்பிகளிலிருந்து வரும் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் முனகலை எதிரெதிராக இணைத்த இரண்டு சுருள்களால் ரத்து செய்யும் வித்தையை ஸெத் லவர் என்ற பொறியாளர் கிப்ஸன் நிறுவனத்தில் 1955இலேயே செய்துவிட்டார். ஹம்பக்கர் என்ற பெயருக்கும் அதுதான் பொருள். ஆக்டிவ் அதற்கு மேல் நல்ல உறையையும் குறைந்த மின்மறுப்பையும் சேர்த்து, மீதியில் பெரும்பகுதியைத் தடுக்கிறது. ஆனால் ஹை கெயின் ஆம்ப் தானே உண்டாக்கும் 'உஸ்' என்ற ஓசையைக் கிட்டாருக்குள் இருக்கும் எந்தப் பொருளாலும் தடுக்க இயலாது.

உங்களுடையது எது என்று அறியக் கிட்டாரின் வால்யூமை முழுவதும் மூடுங்கள். இரைச்சல் அப்படியே இருந்தால் அது ஆம்பிலிருந்தோ பெடல்களிலிருந்தோ பெடல்களுக்கு மின்சாரம் தரும் அடாப்டரிலிருந்தோ வருகிறது. பெடல்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள், எஞ்சும் 'உஸ்'ஸுக்குக் கெயினைக் குறைத்து ஒரு நாய்ஸ் கேட் (வாசிக்காதபோது ஒலியை அடைத்துவிடும் கருவி) வையுங்கள். வால்யூமை மூடியதும் இரைச்சல் அடங்கிவிட்டால் பிக்கப்பின் இணைப்புகளைச் சரிபார்க்கக் கொடுங்கள். குறிப்பாக, மாற்றியவர் பழைய நீண்ட கம்பிகளையும் பழைய குமிழ்களையும் அப்படியே விட்டுவைத்திருக்கிறாரா என்று கேளுங்கள்.